கடைசியில் வருகிறவர் அவிழ்க்க வேண்டும்

19 ஜனவரி 2025

பிரிஜட் அக்காவுக்கு,

நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியாது. ஏன் என்று கேட்காதே, தீர்ப்பு வாசித்தபோது நீயும் கோர்ட்டில்தான் இருந்தாய். சிறையோடு சேர்த்து ரோத்தான் அடி. போன வாரம் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா பெல்ட்டை உருவினால் அடி வாங்குவது நான், அழுவது நீ. இங்கேயும் நான் அழவில்லை. மூன்றாவது அடியில் கால் தன்னால் உதறியது, அவ்வளவுதான். ரோத்தான் என்றால் வேறொன்றுமில்லை அக்கா, கிளமெண்டி காட்டில் பாதையோரம் முள்ளும் கையுமாகத் தொங்குகிறதே, அதே பிரம்புதான். முள்ளைச் சீவி ஊறப்போட்டிருக்கிறார்கள். "தொடாதீங்க, சட்டையைப் பிடிச்சா விடாது" என்று நடைக்கு வருகிறவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கடைசியில் என்னையே பிடித்துவிட்டது.

நாம் நடத்துகிற சனிக்கிழமைக் காட்டு நடையை நிறுத்தாதே. பறவைகளை நான் காட்டுவேன், பட்டாம்பூச்சியையும் செடியையும் நீ காட்டுவாய் என்று பிரித்துக்கொண்டோம். இனி எல்லாம் உன் தலையில். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பாதையில் தொங்கும் முள்கொடியை வெட்டக்கூடாது. ஆரஞ்சுக் கயிற்றால் பக்கத்து மரத்தோடு இழுத்துக் கட்டு, கப்பல் பட்டறையில் நான் கற்ற அந்த முடிச்சைப் போடு. ஒரே இழுப்பில் அவிழும். திரும்பி வரும்போது வரிசையில் கடைசியாக வருகிறவர் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். நடை தொடங்கும்போது நான் சொல்லும் முதல் வார்த்தையே அதுதான்: "கடைசியா வர்றவங்க அவிழ்க்கணும். காடு எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போவோம்."

அந்த ஆள் இருக்கிறானே, ஹுசைன். ஒரு கண் போயிற்று, தாடை உடைந்தது என்று கோர்ட்டில் வாசித்தார்கள். வாசிக்கட்டும். என் வக்கீல் ஏதோ காகிதத்தை நீட்டி, "இதப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க மிஸ்டர் லாசரஸ்" என்றார். தள்ளிவிட்டேன். அடித்தது நான், இதில் படிக்க என்ன இருக்கிறது? ஒரு போட்டோவுக்காகக் குருவிக்கூட்டை மறைத்திருந்த கொடியை இழுத்துக் கட்டி, குஞ்சுகளை வெயிலிலும் காக்கையிடமும் விட்டவனுக்கு ஒரு கண் எதற்கு, இரண்டு கண் எதற்கு?

வெளியே வந்ததும் தேக்கா பக்கம் எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. என்ன வேலை என்று உனக்குத் தெரியும்.

தம்பி,
லாசரஸ்

*

சுவா சூ காங்
9 பிப்ரவரி 2025

லாசரஸ்,

உன் கடிதத்தைப் பார்க்கிற அதிகாரிக்குக் கடைசி வரி புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. என் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, ஞாபகமிருக்கிறதா? நீ எறிந்த முக்காலி அது. எனக்குப் பதினான்கு வயது, உனக்கு ஏழு. உன் கை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்பா செத்துப் பல வருஷமாகிறது, அவருடைய கை மட்டும் உன் தோளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே அதிகாரியும் படிக்கும்படி தெளிவாகவே எழுதுகிறேன். நீ வெளியே வந்து அந்த மனுஷர் மேல் ஒரு விரல் வைத்தால், போலீஸுக்கு முதல் போன் என்னுடையதுதான். தம்பி, தங்கக்கம்பி என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

ஹுசைனுடைய கடைக்குப் போனேன். எச்சரிக்கை சொல்லத்தான் போனேன், மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தேக்கா சந்தையில் பூக்கடைகளைத் தாண்டி உள்ளே திரும்பினால் மசாலா அரைக்கிற மில். மிளகாய், மல்லி, மஞ்சள் என்று மூன்று இயந்திரம் ஓடுகிறது. முன்னால் அவர் மனைவி ஷமீமா நின்றுகொண்டிருந்தார். நான் லாசரஸின் அக்கா என்றேன். அவ்வளவுதான் தெரியும். தராசுத் தட்டிலிருந்த மிளகாய்த்தூளை ஒரு கை அள்ளி என் முகத்தில் வீசிவிட்டார்.

"எரியுதா? நல்லா எரியட்டும்லா! என் புருஷனுக்குத் தினமும் எரியுது. கண்ணு இருந்த குழியில தூள் போய் உட்காருது. அவர் மில்லு, அவரே உள்ள கால் வைக்க முடியல! ரெண்டு நிமிஷம் எரிஞ்சதுக்கே நீ இந்தக் குதி குதிக்கிற!"

கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் விலகி நின்றார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். முப்பது வருஷ நர்ஸ் வேலையில் எத்தனையோ பேர் கண்ணைக் கழுவிவிட்டிருக்கிறேன், அன்றைக்கு எனக்குக் குழாய் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ வந்து என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கண் திறந்தபோது எதிரே ஹுசைன். முகத்தின் ஒரு பக்கம் உள்ளே போயிருக்கிறது. தாடை சரியாகச் சேராததால் வார்த்தை சற்றுக் கோணலாக வருகிறது.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். "என் தம்பி வெளியே வந்தா உங்க பக்கம் வராம நான் பார்த்துக்குவேன். நீங்களும் ஜாக்கிரதையா இருங்க" என்றேன். அவர் பயந்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அக்கா, உங்க நடையில இன்னும் கயிறு கட்டுறீங்களா?"

ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். ஏன் கேட்டார் என்று இன்னும் புரியவில்லை.

அக்கா,
பிரிஜட்

*

2 மார்ச் 2025

அக்கா,

உன் புண்ணியத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "தேக்காவில் என்ன வேலை?" என்று. முடி வெட்டிக்கொள்ள என்றேன். நம்பவில்லை. கூடப்பிறந்தவளே குழி பறித்தால் வேறு யார் வேண்டும்?

யாரைக் கேட்டு அங்கே போனாய்? அந்த அம்மாள் உன் முகத்தில் தூள் வீசுகிறாள், நீ அவர்களுக்குப் பரிந்து எழுதுகிறாய். நான் அங்கே இருந்திருந்தால் அந்தத் தராசு யார் தலையில் இறங்கியிருக்கும் தெரியுமா?

இங்கே சுந்தரம் என்று ஒருவன். "குருவிக்காகவா உள்ள வந்தே?" என்று சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் அவன் குரல்வளையைப் பிடித்தது எனக்கே தெரியாது, நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள். சில நாள் தனியறை. சிரிப்பவனைக் கண்டால் எனக்கு ஆகவில்லை.

நீ அன்றைக்கு அங்கே இல்லை, அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ அந்தச் சனிக்கிழமை தேவாலயத்து ஒடுக்கத்துக்கு, ஒருநாள் தியானத்துக்கு, போயிருந்தாய். நடையை நான் நடத்தினேன். திங்கட்கிழமை காலை, மதிய ஷிப்டுக்கு முன்னால், அடுத்த நடைக்குப் பாதை பார்க்கத் தனியாகப் போனேன். பழைய ரப்பர் மரங்கள் இருக்கும் திருப்பத்துக்கு வருமுன்பே சத்தம். வைக்கோல் தலைக் கொண்டைக்குருவி ஜோடி. பாட்டுக்காகவே பிடித்துப் பிடித்துக் கூண்டில் அடைத்து, எத்தனையோ நாட்டில் காட்டிலேயே இல்லாமல் பண்ணிவிட்டார்களே, அந்தப் பறவை. இங்கே நம் ஊர்க் காட்டில் இன்னும் மிச்சமிருக்கிறது. அது பாடி நீ கேட்டிருக்கிறாய். அலறிக் கேட்டதில்லை.

கூட்டுக்குக் கூரையாக இருந்த பிரம்பு மட்டையைக் கயிறு போட்டு ஒதுக்கிக் கட்டியிருந்தது. கூடு பட்டப்பகலில் அம்மணமாக நின்றது. ஒரு குஞ்சைக் காணோம். மேலே கிளையில் ஒரு காக்கை அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு குஞ்சு கீழே கிடந்தது. முசுறு எறும்பு மொய்த்து, இரண்டு கண்ணையும் தோண்டிக்கொண்டிருந்தது. குஞ்சுக்கு உயிர் இருந்தது அக்கா! வாயைத் திறந்தது. நான்தான் ஷூ காலால் முடித்துவைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் மட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள். கழுத்தில் கேமரா. ஒரு கை கயிற்றில், ஒரு கையில் சின்னக் கத்தி. இன்னும் கொஞ்சம் வெட்டி இன்னும் நல்ல படம் எடுக்கப் பார்க்கிறான். என்னைப் பார்த்ததும் ஓடினானா? இல்லை. சிரித்தான். பல்லைக் காட்டிக்கொண்டு ஏதோ கேட்டான். கேட்கிற நிலையிலா நான் இருந்தேன்? தோளில், தூரப்பார்வை ஸ்கோப்பை மாட்டும் மூன்று கால் டிரைபாட் இருந்தது. முதல் வீச்சிலேயே தாடை. விழுந்த பிறகும் விடவில்லை. டிரைபாட் காலின் இரும்பு முனை எங்கே இறங்கியது என்று பார்க்கவில்லை, பார்க்க விருப்பமும் இல்லை. எறும்பு தின்ற கண்ணுக்கு அது சரியாகப் போயிற்று.

இனிமேல் அந்தக் கடை வாசலை மிதிக்காதே.

லாசரஸ்

*

சுவா சூ காங்
27 ஏப்ரல் 2025

லாசரஸ்,

ஈஸ்டர் முடிந்து நேற்றுத்தான் உன் பாதையில் நடந்தேன். இத்தனை மாதமும் நான் ஆட்களை ரயில் பாதைப் பக்கமாகவே கூட்டிப்போனேன். ரப்பர் மரத் திருப்பத்துக்குப் போகக் கால் வரவில்லை. நேற்று மிரண்டாதான் கேட்டாள், "என்ன அக்கா, அந்தப் பக்கம் போறதே இல்ல?" என்று. சனிக்கிழமை தவறாமல் வருகிறாளே, அதே வாயாடி மிரண்டா. சரி என்று போனோம்.

கயிறு இன்னும் அங்கேயே இருக்கிறது. கட்டின மட்டை கட்டின இடத்திலேயே காய்ந்து பழுப்பாகத் தொங்குகிறது. நீ குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டாய், கண் யாருடையது, டிரைபாட் யாருடையது என்பதோடு போலீஸின் வேலை முடிந்துவிட்டது. ஒரு கயிற்றை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

நான் பார்த்தேன். ஆரஞ்சுக் கயிறு. என் பையில் இருக்கிற அதே சுருளிலிருந்து வந்தது. ஓர் இடத்தில் கத்தி பட்டு நாலைந்து இழை அறுந்திருக்கிறது. மட்டையில் எங்கேயும் கத்தி படவில்லை லாசரஸ். கயிற்றில் மட்டும்தான் பட்டிருக்கிறது. முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கயிற்று நுனியில் நீண்ட வாலை யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள், உன் முடிச்சில் அதை இழுத்தால் இறுகத்தான் செய்யும் என்று உனக்குத் தெரியும். நான் சின்ன வாலைத் தேடிப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பு. அவிழ்ந்து என் கையில் வந்தது.

மிரண்டா பக்கத்தில் நின்று, "ஐயோ, இதா! இந்த இடம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். மேற்கொண்டு அவள் சொன்னதை இப்போது எழுதமாட்டேன். முதலில் நீ பதில் சொல்.

அந்தச் சனிக்கிழமை போன வழியாகவே திரும்பி வந்தாயா?

பிரிஜட்

*

11 மே 2025

அக்கா,

போலீஸ் வேலை எப்போது ஆரம்பித்தாய்?

இடி. வந்த வழியே திரும்பினால் மரத்தடியில் மாட்டிக்கொள்வோம் என்று எல்லாரையும் அந்தப் பக்கமாக மெயின் ரோட்டுக்கு இறக்கி பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். இருபத்தைந்து பேரை மின்னலில் சாகவிட்டிருக்க வேண்டுமா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கயிறு எந்தக் கடையிலும் கிடைக்கும். முடிச்சை ஒரு தடவை பார்த்தவன் போட்டுவிடுவான். எங்கேயோ பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். நம் நடைக்கு வந்தவனே இல்லை அந்த ஆள். வந்திருந்தால் எனக்கு முகம் தெரியாதா?

கத்தி கயிற்றில் பட்டதாம், மட்டையில் படவில்லையாம். நீ என்ன அவனுக்கு வக்கீலா?

இன்னொரு தடவை இதைப் பற்றி எழுதினால் கிழித்துப் போடுவேன். எனக்கு அக்கா இல்லை என்று நினைத்துக்கொள்வேன். தேக்கா வேலை அப்படியே இருக்கிறது. தேதிதான் நெருங்குகிறது.

லாசரஸ்

*

சுவா சூ காங்
8 ஜூன் 2025

லாசரஸ்,

கிழிக்கிறதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். மிரண்டா அந்தச் சனிக்கிழமை போனில் எடுத்தது. அவளுடைய சால்வை முள்ளில் மாட்டிக்கொண்டு அவள் கத்த, நீ ஓடிவந்து விடுவித்தாயாம். "எங்கள் ஹீரோ" என்று எழுதி நடைக் குழுவுக்கே அனுப்பியிருக்கிறாள். பழைய செய்திகளைத் தேடி எடுத்து அச்சுப் போட்டேன். நன்றாகப் பார். ரப்பர் மரம். பிரம்பு மட்டை. மட்டையை மரத்தோடு சேர்த்து ஆரஞ்சுக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கிற கை யாருடையது? உன் கைக்கடிகாரம்கூடத் தெரிகிறது. மட்டை இருந்த இடத்துக்குப் பின்னால், புதருக்குள், மங்கலாக ஒரு கிண்ணம் போலத் தெரிகிறதே, அதுதான் கூடு. இருபது வருஷம் பறவை காட்டிய உன் கண்ணுக்கு அன்றைக்கு அது படவில்லை.

கூட்டை அம்மணமாக்கியது நீ. நீதான் கட்டினாய், நீதான் அவிழ்க்காமல் போனாய். சனிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காக்கையும் எறும்பும் வெயிலும் வந்து போக நீதான் கதவைத் திறந்துவைத்தாய். ஞாயிறு பூசையில் என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தாய்.

இப்போது படத்தின் ஓரத்தைப் பார். வரிசையின் கடைசி. பச்சைத் தொப்பி, கழுத்தில் கேமரா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். அடையாளம் தெரிகிறதா? தெரியாது. இப்போது அந்த முகத்துக்கு இரண்டு கண் இருக்கிறதே.

படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மில்லுக்குப் போனேன். ஷமீமா தூளை எடுக்கவில்லை. "பேசிட்டுப் போயிடு, இங்க உட்காராத" என்றார். ஹுசைன் பின்பக்கமிருந்து வந்து என்னை நடைபாதையில் நிறுத்திச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அதுதான் அக்கா எனக்கு முத நடை. முட்டி வலி, அதனால நான்தான் கடைசி. கடைசியா வர்றவங்க அவிழ்க்கணும்னு சார் சொன்னாரு, சரி நம்ம டியூட்டின்னு நெனச்சேன். இடி வந்துச்சு, வேற வழியா வெளிய கொண்டு வந்துட்டாரு. பஸ்ல வரும்போதே மனசு கேக்கல, கட்டுனது எல்லாம் அப்படியே இருக்கேன்னு. ஞாயித்துக்கிழமை மில்லுல கூட்டம், நகர முடியல. திங்கட்கிழமை காலையிலயே போயிட்டேன். மத்ததெல்லாம் அவிழ்த்துட்டேன் அக்கா. அங்க போய்த்தான் கூட்டைப் பார்த்தேன். அவசரப்பட்டுட்டேன். தப்பான நுனிய இழுத்துட்டேன் போல, இறுகிக்கிச்சு. அதான் கத்திய எடுத்தேன்."

இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தபோதே காகிதத்தில் எழுதிக் கொடுத்தாராம். உன் வக்கீல் நீட்டிய காகிதம் அதுதான்.

நீ சொன்ன சொல்லை நம்பி, நீ செய்யாமல் விட்டதைச் செய்ய வந்த ஒரே ஆள் அவர். இருபத்தைந்து பேரில் ஒரே ஆள்! அவரைத்தான் கீழே போட்டுக் கண்ணைக் குத்தினாய்.

உனக்காகச் செபிக்க முயற்சி செய்கிறேன். வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

பிரிஜட்

*

17 ஆகஸ்ட் 2025

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். புரியாவிட்டால் மன்னி.

படத்தைக் கிழித்தேன். பிறகு சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். வலது கை சுவரில் உடைந்தது. ஒரு குத்தில் உடையவில்லை. எலும்பு வெளியே தெரியும்வரை ஆட்கள் வரவில்லை. எதற்கு என்று டாக்டர் கேட்டார். கை தப்பு செய்தது என்றேன். மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள்.

சுந்தரம் எனக்குச் சோறு பிசைந்து தருகிறான். அவன் குரல்வளையில் என் நகம் பட்ட இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

விசாரணைக் காவலில் இருந்த நாளைக் கழித்து, அடுத்த மாதக் கடைசியில் விடுகிறார்கள். அவரிடம் கேள், நான் வரலாமா என்று. மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லாதே. வரலாமா என்று மட்டும் கேள்.

லாசரஸ்

*

சுவா சூ காங்
7 செப்டம்பர் 2025

தம்பி,

உன் இடது கை எழுத்தைப் பார்த்து அழுதேன். அழுததற்காக என்மேலேயே கோபம் வந்தது. அந்த அம்மாள் தினமும் கணவருடைய கண் குழியைக் கழுவிக்கொண்டிருக்கிறார், நான் உன் கைக்கு அழுகிறேன். ரத்தபாசம் பொல்லாதது.

கேட்டேன். முதலில் பதில் சொன்னது ஷமீமா. மறைக்காமல் எழுதுகிறேன்.

"வரட்டும். நல்லா வரட்டும். மூணு மெஷின் ஓடுது இங்க. எந்த மெஷின்ல கைய விடுறான்னு அவனையே கேட்டு எழுது. கையே உடைஞ்சு போச்சா? அவனா உடைச்சுக்கிட்டானா? அதுக்கு நான் என்ன, கைதட்டணுமா? என் கணக்குல அது வராதுலா!"

சொல்லிக்கொண்டே இரும்புக் கரண்டியால் மில்லின் வாயில் ஓர் அடி போட்டார். சும்மா சொல்கிற பேச்சு என்று நினைக்காதே. ஹுசைன் அவர் தோளைத் தொட்டார், ஷமீமா அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஹுசைன் இவ்வளவுதான் சொன்னார்: "அன்னைக்கு நான் சார்கிட்ட ஒண்ணு கேட்டேன். இன்னும் பதில் வரல. அது ஞாபகம் இருந்தா வரச் சொல்லுங்க. இல்லேன்னா வேண்டாம்."

என்ன கேட்டீர்கள் என்றேன். "அவருக்குத் தெரியும்" என்றார்.

உனக்குத் தெரியுமா? உண்மையைச் சொல். தெரியாவிட்டால் தெரிந்ததாக எழுதி அவரை ஏமாற்றாதே. கேட்கிற நிலையில் இல்லை என்று நீயே மார்ச் மாதம் எழுதினாய். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. தெரியாது என்றால் நேராக என் வீட்டுக்கு வா. சோறு போடுகிறேன், ஆயுள் முழுக்கத் தேக்கா பக்கம் தலை வைக்காதே.

அக்கா

*

21 செப்டம்பர் 2025

அக்கா,

கேட்கிற நிலையில் இல்லை என்று எழுதினேன். அது பொய். காதில் விழுந்தது. ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. அதற்கு அர்த்தம் வேண்டாம் என்று நான்தான் தள்ளிவைத்திருந்தேன். இத்தனை நாளும் என் நினைவில் அவருடைய சிரிப்பு மட்டும்தான் இருந்தது. திமிர்ப்பிடித்த சிரிப்பு என்று வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் அடித்தேன், சத்தியமாகக் குஞ்சுகளுக்காகக்கூட இல்லை.

உன் கடிதம் வந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திருப்பத்துக்கு மறுபடியும் போனேன். டிரைபாட் தோளிலிருந்து இறங்குகிறது. அவர் முகம் வேர்த்திருக்கிறது. கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்ததும் உயிர் வந்தது போலச் சிரிக்கிறார். பிள்ளை தண்ணீரில் தத்தளிக்கும்போது நீச்சல் தெரிந்தவன் ஓடிவருவதைப் பார்க்கிற தகப்பன் அப்படித்தான் சிரிப்பான். என்னைப் பார்த்து வாழ்க்கையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை அக்கா.

"அப்பாடா, வந்துட்டீங்களா சார்! இந்த முடிச்சு எந்தப் பக்கம் இழுக்கணும்?"

அதுதான் கேட்டார். அதற்குத்தான் அடித்தேன். கீழே விழுந்த பிறகும், வாய் முழுக்க ரத்தத்தோடு, "சார், முடிச்சு சார், முடிச்சு" என்றார். கெஞ்சுகிறான் என்று நினைத்து இன்னொரு அடி போட்டேன்.

முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை விடுகிறார்கள். சிறை வாசலுக்கு வரும்போது பைனாகுலர் வேண்டாம், மாற்றுச் சட்டை வேண்டாம். ஆரஞ்சுக் கயிறு ஒரு முழம் எடுத்து வா. நேராகத் தேக்காவுக்குப் போவோம். வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை, ஆனாலும் கடை வாசலில் அவர் முன்னால் நானே கட்டிக் காட்டுகிறேன். இழுக்க வேண்டியது சின்ன வால். அதை நான் வாய் திறந்து சொல்ல வேண்டும், அவர் இழுத்து அவிழ்க்க வேண்டும்.

அதன் பிறகு ஷமீமா எந்த மெஷினைக் காட்டினாலும், நீ குறுக்கே வராதே.

லாசரஸ்